மழையில் வலம் வந்தவன்

அத்தியாயம் 4

துப்பறியும் சேதுபதி படித்த நாவல்களில் எல்லாம் பனி பெய்யும். பனியில் பதிந்த ஒரே ஒரு செருப்புத் தடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, குற்றவாளி நொண்டுகிறான், சுருட்டுப் பிடிக்கிறான், மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று அங்குள்ள துப்பறிவாளர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். சிங்கப்பூரில் பனி கிடையாது. மழைதான். அது எந்தத் தடயத்தையும் கால் மணி நேரம்கூடப் பத்திரமாக வைத்திருக்காது.

நேற்று மத்தியானம் அப்படி ஒரு மழை கொட்டித் தீர்த்தது. அந்த மழையில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கத்தான் இன்று காலை ரேஸ் கோர்ஸ் சாலையில், அழகப்பனின் மளிகைக் கடைக்கு மேலே இருந்த அலுவலக அறையில் சேதுபதி உட்கார்ந்திருந்தார். போன வாரம் முழுக்க ஒரு நகைக்கடை விவகாரத்துக்காகத் தேக்காவுக்கும் கேலாங்குக்கும் அலைந்த அலுப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. இரண்டு முட்டியும் வலித்தன. உட்கார்ந்திருந்த நாற்காலியின் மெத்தை மிருதுவாக இருந்தது. அதுதான் ஆபத்து. கண்ணை மூடினால் தூங்கிவிடுவார்.

"அண்ணே, குறட்டை விட்டா ஃபீஸ் குறைச்சுடுவாங்க" என்று காதோரம் சொன்னான் அப்துல் கஃபார். முன்பு டாக்சி ஓட்டியவன். இப்போது சேதுபதியின் உதவியாளன். டாக்சியில் பயணிகளிடம் பேசிப் பேசி வளர்ந்த வாய், தொழில் மாறியும் ஓயவில்லை.

அழகப்பன் ஜன்னலைத் திறந்து கீழே காட்டினார். சாலைக்கு அந்தப் பக்கம் திடல். திடலின் நடுவே ஒரு அரசமரம். மரத்தைச் சுற்றி ஒருவன் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான், தூக்கத்தில் நடப்பவனைப் போல, மெதுவாக.

"அவன் பேர் லாசரஸ். தபால்காரன். அஞ்சு நாள் கால் தரையில படாம ஓட்டுறேன்னு கிளம்பினான். இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளைங்களுக்குக் கால் பழக்குறதுக்கு ஒரு கூடம் வேணுமாம். ஜனங்க உண்டியல்ல போடுறது சாமான் வாங்க. இடம் வேணுமே? நான்தான் மைக்குல சொன்னேன். அவன் சொன்னபடி முடிச்சுட்டா, கெர்பாவ் ரோட்டுல சும்மா கிடக்குற என் கிடங்கு அந்தப் பிள்ளைங்களுக்கு. இன்னிக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்கு முடியுது."

"நல்ல காரியம்."

"நல்ல காரியம்தான். ஆனா ஏமாந்துபோய்ச் செஞ்சா அதுக்குப் பேர் ஏமாளித்தனம். கபீர், நீ பார்த்ததைச் சொல்லு."

கணக்கப்பிள்ளை அஹமது கபீர் ஒல்லியான மனிதர். சாட்சிக் கூண்டில் ஏறியவரைப் போல இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டார்.

"நேத்து மத்தியானம் முதலாளி ஆத்தங்கரைக் கிடங்குக்குப் போயிருந்தாங்க. மழை அடிச்சுது. சாரல் உள்ளே வருதேன்னு ஜன்னலைச் சாத்தப் போனேன். திடல்ல ஒரு ஈ காக்கா இல்ல, எல்லாரும் கடையோரம் ஒதுங்கிட்டாங்க. சைக்கிள் மட்டும் சுத்துது. ஆனா மாத்திச் சுத்துது சார். நாலு நாளா மரத்தை இடது கைப்பக்கம் வச்சு ஓட்டுறவன், நேத்து மரத்தை வலது கைப்பக்கம் வச்சு ஓட்டுறான். ஆளும் அந்த ஆள் இல்ல. லாசரஸ் என்னை மாதிரி, காத்தடிச்சா பறந்துடுவான். இவன் நல்ல பருமன். மழைக்கோட்டு முட்டிக்கிட்டு நிக்குது. அப்புறம்..."

"அப்புறம்?"

"சிரிச்சான் சார். மழை இரைச்சலையும் மீறிக் கேட்டுச்சு. நாலு நாள் தூங்காதவனுக்குச் சிரிக்க ஏது தெம்பு?"

தலைக்கு மேலே, மூன்றாம் மாடியின் பலகைத் தளத்தில் ஏதோ கடகடவென்று உருண்டு ஓடி நின்றது.

"மேல ரயில் விட்டிருக்கீங்களா முதலாளி?" என்றான் கஃபார்.

"வீட்டுல சாமான் நகத்துறாங்க" என்று அழகப்பன் கொஞ்சம் உரக்கவே சொன்னார். "சேதுபதி, எனக்கு வேண்டியது ஒரே ஒரு பேர். நேத்து மழையில அந்தச் சைக்கிளை ஓட்டினது யாரு? அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க. லாசரஸ் இறங்கி வேற ஒருத்தன் ஏறியிருந்தா, கிடங்கு கிடையாது."

படியிறங்கும்போது ஒரு வாடை வந்தது. கசப்பும் காரமுமாக, சமையலறைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மளிகைக் கடையில் ஆயிரம் வாடை. சேதுபதி அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

*

திடலில் ஒலிபெருக்கி தொண்டை கட்டிப்போய்ப் பாடிக்கொண்டிருந்தது. கச்சாங் பூத்தே என்னும் வறுகடலை விற்பவர் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பொட்டலம் சுற்றினார். அரசமரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார். யாரோ செம்பருத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் உண்டியல் பெட்டி. இதையெல்லாம் சுற்றி, புல் தேய்ந்து செம்மண் தெரிகிற வட்டப் பாதை.

"விசாரிக்கணும், கொஞ்சம் நில்லுங்க" என்று சேதுபதி சொல்ல வாயெடுத்தார். சைக்கிள் அவரைக் கடந்து போய்விட்டது.

"நிக்கச் சொல்லிடாதீங்க அண்ணே. நின்னா நாமளே கிடங்கைக் கெடுத்த மாதிரி ஆயிடும்" என்றான் கஃபார். "வேற வழி இல்ல. ஓடுங்க."

சந்தேகத்துக்குரியவனை ஓடிக்கொண்டே விசாரித்த துப்பறிவாளர் எந்த நாவலிலும் இல்லை. சேதுபதி வேட்டியை மடித்துக் கட்டினார். ஓடினார். முதல் அரைச் சுற்றிலேயே முட்டி இரண்டும் தனித்தனியாகப் புலம்பின.

"நேத்து... மழையில... எந்தப் பக்கமா ஓட்டினீங்க?"

லாசரஸ் திரும்பிப் பார்த்தான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. உதடு வெடித்திருந்தது. அவன் முகத்தில் பயம் இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. பதில் சொல்வதற்குள் பாதிச் சுற்று போய்விட்டது.

"கால் தரையில படல சார்."

"அதைக் கேக்கல. ஓட்டினது யாரு?"

"கால் தரையில படல. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லமாட்டேன். ஒருத்தங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"சொல்லாட்டி... கிடங்கு... போயிடும்."

அவன் மிதிப்பது ஒரு கணம் தடுமாறியது. பிறகு மறுபடியும் பழைய வேகம்.

"தபால் கொண்டுபோறப்ப மேல பார்த்துக்கிட்டே போவேன் சார். எந்த மாடி ஜன்னல்ல எந்தப் பிள்ளை உக்காந்திருக்குன்னு எனக்குத் தெரியும். எல்லாப் பிள்ளையும் இறங்கி ஓடி வரும். சிலது வராது. நாளைக்கும் அங்கயே இருக்கும். வருஷம் போனாலும் அங்கயே இருக்கும்." மூச்சு வாங்கினான். "அதுங்களுக்காகத்தான் ஏறினேன். நான் ஏமாத்தல."

அந்த நேரம் சேதுபதியின் கால் இடறியது. விழப்போனவர் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் சுற்றிக் கட்டியிருந்த துண்டின் நுனியைப் பிடித்தார், சட்டென்று விட்டார், புல்லில் உட்கார்ந்தார்.

"சைக்கிளைத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார் ஒரு பருத்த மனிதர். லாசரஸின் உதவிக்கு இருக்கும் சைக்கிள் கடை முத்துசாமி. கையில் இலைப் பொட்டலத்தோடு சைக்கிளின் பக்கவாட்டில் குலுங்கிக் குலுங்கி ஓடினார், சோற்று உருண்டையை லாசரஸின் கையில் வைத்தார், திரும்பி வந்தார். "ஓடிக்கிட்டே குடுக்கலாம், ஓடிக்கிட்டே வாங்கலாம். பிடிச்சு நிறுத்தக் கூடாது. அதான் சட்டம் சார்."

கூட்டம் சேதுபதிக்குக் கை தட்டியது. யாரோ அவர் பக்கம் ஒரு காசைக்கூட வீசினார்கள். கஃபார் அதைப் பொறுக்கி உண்டியலில் போட்டான்.

"உங்க ஓட்டத்துக்கு வந்தது அண்ணே. பத்து காசு. இன்னும் நாலு சுத்து ஓடினீங்கன்னா ஒரு கோப்பி."

*

அரசமர நிழலில் சேதுபதிக்கு மூச்சு திரும்பக் கால் மணி பிடித்தது. மூச்சோடு யோசனையும் திரும்பியது.

"கஃபார், பிள்ளையாரை எந்தப் பக்கமாச் சுத்துவாங்க தெரியுமா?"

"நான் எங்க சுத்தினேன்? நீங்க சொல்லுங்க."

"சாமி நம்ம வலது கைப்பக்கம் இருக்கணும். வலம் வர்றதுன்னு பேரே அதான். லாசரஸ் மாதாகோயில் போறவரு. பந்தயத்துல ஓட்டுற மாதிரி இடமாச் சுத்துறார். அவருக்கு அது மரம், அவ்வளவுதான். ஆனா பிள்ளையாரைக் கும்பிட்டு வளர்ந்த ஒருத்தனை ஏத்தி விட்டா, அவனுக்குக் கை தன்னாலே மறு பக்கம் திரும்பிடும். இடமாச் சுத்தினா பாவம்னு உடம்புலயே ஊறியிருக்கும். அப்போ நேத்து ஏறினவன் பிள்ளையாரைக் கும்பிடுறவன். பருமன். லாசரஸுக்கு வேண்டியவன். அடிக்கடி சிரிக்கிறவன்."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். முத்துசாமி நெற்றி நிறையத் திருநீறோடு, கச்சாங் பூத்தேக்காரர் சொன்ன எதற்கோ வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அட" என்றான் கஃபார். "இவ்வளவு சுலபமா ஒரு கேஸ் முடிஞ்சு நான் பார்த்ததே இல்ல. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

சேதுபதி நேரடியாகவே கேட்டார். "முத்துசாமி, நேத்து மழையில லாசரஸுக்குப் பதிலா சைக்கிள் ஓட்டினது நீங்கதானே?"

முத்துசாமியின் சிரிப்பு நின்றது. முகம் கறுத்தது. அக்கம் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், இதை வெளியில சொல்லிடாதீங்க. வியாபாரம் படுத்துடும்."

"சொல்லுங்க."

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."

கஃபார் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சின்ன வயசுல ஒரு தடவை விழுந்தேன். அதோட சரி. கடைக்கு வர்ற சைக்கிளை எல்லாம் கையால தள்ளிக்கிட்டே போய்க் குடுப்பேன். தேக்காவுல எல்லாருக்கும் தெரியும், வாடிக்கைக்காரங்களைத் தவிர."

"பல் டாக்டரு பொக்கை வாயா இருந்தா என்னலா, நமக்குப் பிடுங்கத் தெரிஞ்சா போதும்" என்று கஃபார் அவர் தோளைத் தட்டினான். "அப்போ மழையில நீங்க எங்க இருந்தீங்க?"

"உண்டியல் நனையக் கூடாதுன்னு தார்ப்பாய்க்கு உள்ள இருந்தேன் பாய். என் மழைக்கோட்டை லாசரஸுக்குக் குடுத்துட்டேன். அது என் அளவு. அவன் மாதிரி ரெண்டு பேர் உள்ள போகலாம்."

ஒரே நொடியில் வழக்கு கலைந்துபோனது. சேதுபதி மறுபடியும் புல்லில் உட்கார்ந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஊரில் உள்ள அத்தனை களைப்பும் தன்னிடம்தான் வந்து அடைக்கலம் கேட்கிறது என்று தோன்றியது.

முத்துசாமிக்கு இரக்கம் பிறந்தது. சட்டைப்பையிலிருந்து கோடாலித் தைலப் புட்டியை எடுத்தார். "முட்டியில தேய்ங்க சார். லாசரஸுக்கும் காலுக்கு இதுதான். வேற எந்த எண்ணெயும் அவன் தொடமாட்டான். மிதிக்கட்டை வழுக்கும்."

சேதுபதி புட்டியை வாங்கப் போனவர், கையை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நின்றார். துண்டைப் பிடித்த கை. கோடாலித் தைலம் இல்லை இது. கசப்பு. காரம். பூண்டு போட்டுக் காய்ச்சிய வேப்பெண்ணெய்.

"கஃபார், இதை மோந்து பாரு."

"வேண்டாம் அண்ணே, காலையில இடியாப்பம் சாப்பிட்டேன்." இருந்தாலும் மோந்தான். முகம் சுளித்தான். "எங்க அக்கா மகனுக்குக் கால் சூம்பிப்போனப்ப இதைத்தான் வீட்டுல தேய்ச்சாங்க. ஒரு வருஷம் வீடே நாறிச்சு."

"முத்துசாமி, சைக்கிள் கம்பியில துண்டு எதுக்குக் கட்டியிருக்கு?"

"தெரியலையே சார். முந்தாநாள் அது இல்ல. நேத்து மழை விட்டதும் பார்க்குறேன், இருக்கு. வேர்வை துடைக்கன்னான். வேர்வை துடைக்கிற துண்டை யாராவது கம்பியில சுத்தி முடிச்சுப் போடுவாங்களா?"

கம்பியில் துண்டு சுற்றுவது துடைப்பதற்கு இல்லை. உட்காருபவருக்கு உறுத்தக் கூடாது என்பதற்கு.

சேதுபதி சாலைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அழகப்பனின் கடை. அதற்கு மேல் அலுவலகம். அதற்கும் மேல் மூன்றாம் மாடியில், சாலையைப் பார்த்த ஒரே ஜன்னலுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. கீழ்ச் சட்டம் ஒன்று உடைந்து ஒரு இடுக்கு. அந்த இடுக்கிலிருந்து இரண்டு சின்ன விரல்கள் வெளியே நீண்டு, சைக்கிள் கடக்கும்போதெல்லாம் அசைந்தன.

"அண்ணே" என்றான் கஃபார். அவன் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "உங்க முட்டி படி ஏறுமா?"

*

பின் சந்து வழியாக மரப்படி நேரே மூன்றாம் மாடிக்குப் போனது. ஒவ்வொரு படிக்கும் வேப்பெண்ணெய் வாடை கூடியது. கதவைத் திறந்த பெண் சேதுபதியைப் பார்த்ததும் சாத்தப் பார்த்தாள், பிறகு கைவிட்டாள். தூங்கி நாளாகியிருந்த முகம்.

"நான் அழகப்பன் மக, சரஸ்வதி. அப்பா அனுப்பினாரா?"

"அப்பாவுக்குத் தெரியாதும்மா. இன்னும் தெரியாது."

அவள் பின்னால் கடகடவென்று சத்தம். சோப்புப் பெட்டிப் பலகைக்கு அடியில் நான்கு பேரிங் சக்கரம். அதன் மேல் ஆறு வயதுச் சிறுமி. கையால் தரையைத் தள்ளிக்கொண்டு வந்து தாயின் சேலையைப் பிடித்து நின்றாள். கவுனுக்குக் கீழே இரண்டு கால்களும் குச்சியாக, எண்ணெய் மினுமினுப்போடு மடங்கியிருந்தன.

"இவ பேர் பூவம்மா. எங்க அம்மா பேரு." சரஸ்வதி சுவரில் சாய்ந்தாள். "இவ அப்பா கப்பல்ல வேலை. மூணு வருஷம் முன்னாடி இவளுக்குக் காய்ச்சல் வந்து கால் போனப்ப, பேத்தியை ஊருக்கு அனுப்பிட்டோம்னு அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. கடை ஆளுங்களுக்குக்கூட அப்படித்தான். என் தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகல. நோய் உள்ள குடும்பம்னு பேர் வந்துடும்னு பயம். கெட்டவர் இல்ல சார். பயந்தவரு."

"நேத்து என்ன நடந்தது?"

"அந்தத் தபால்காரர் இவளைப் பார்த்துக் கையாட்டுவாரு. இவளும் ஆட்டுவா. சைக்கிள் ஓட ஆரம்பிச்சதுலேர்ந்து ஜன்னலை விட்டு நகரல. எனக்கு ஒரு வேண்டுதல் இருந்துச்சு. இவ கால் சரியாகணும்னு அந்தப் பிள்ளையாரை வலம் வர வைக்கிறேன்னு. நடக்க முடியாத பிள்ளையை எப்படி வலம் வர வைக்கிறது? நான் தூக்கிக்கிட்டுப் போனா ஊரே பார்க்கும். நேத்து அந்த மழையில திடல் காலியாச்சு. அப்பாவும் இல்ல. துண்டை எடுத்துக்கிட்டு, இவளைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்."

"ஓடிக்கிட்டே குடுத்தீங்க."

"சாப்பாடு குடுக்குறதை மூணு நாளாப் பார்த்திருக்கேனே. அவர் ஒரு கையால துண்டைச் சுத்தினாரு, ஒரு கையால இவளை வாங்கிக் கம்பியில வச்சுக் கோட்டால மூடிக்கிட்டாரு. ஐயா, இந்தப் பக்கம் சுத்தக் கூடாது, அந்தப் பக்கமா வலம் வாங்கன்னேன். அவர் வேதக்காரர், ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லல. மரத்துக்கும் உண்டியலுக்கும் நடுவுல புகுந்து அப்படியே திரும்பினாரு. கால் ஊனல. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

கபீர் பார்த்த பருத்த மனிதன் அதுதான். ஒரு கோட்டுக்குள் இரண்டு பேர்.

சேதுபதி உள்ளதைச் சொன்னார். யார் என்று தெரியாவிட்டால் அழகப்பன் கிடங்கைக் கொடுக்கமாட்டார். தெரிந்தால், மகள் தன் பேச்சை மீறிக் குழந்தையை வெளியே கொண்டுபோனது தெரியும்.

"தெரிஞ்சா ஜோகூர் எஸ்டேட்டுல இருக்குற அத்தை வீட்டுக்கு இவளை அனுப்பிடுவாரு" என்றாள் சரஸ்வதி. "முன்னாடியே ஒரு தடவை சொல்லியிருக்காரு. அங்க மருந்தும் இல்ல, நானும் இருக்கமாட்டேன்."

கஃபார் குழந்தையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

பூவம்மா சேதுபதியை அண்ணாந்து பார்த்தாள். "மாமா, இன்னிக்கு மழை வருமா?"

"ஏம்மா?"

"மழை வந்தாத்தானே வெளியில போகலாம்."

சேதுபதி ஜன்னல் இடுக்கைப் பார்த்தார். வெளியே வானம் துடைத்து வைத்த கண்ணாடியாக இருந்தது. இன்று வராது.

சரஸ்வதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லிடுங்க சார். எத்தனை நாளைக்கு மழையை நம்பிக்கிட்டு இருக்குறது."

*

அழகப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி தாண்டியிருந்தது. கபீர் மேசை அருகே நின்றார்.

"பேர் கிடைச்சுதா?"

"கிடைச்சுது" என்றார் சேதுபதி. இந்த முறை அவர் நாற்காலியில் உட்காரவில்லை. "லாசரஸ் இறங்கல. அவர் கால் தரையில படல. அந்தச் சைக்கிள்ல நேத்து ரெண்டு பேர் போனாங்க. கோட்டுக்குள்ள இன்னொருத்தர் இருந்தாங்க. அதான் கபீருக்குப் பருமனாத் தெரிஞ்சுது."

"யாரா இருந்தா என்ன? அந்த ரெண்டாவது ஆள் கால் ஊனித் தள்ளி விட்டிருந்தா?"

"ஊனியிருக்க முடியாது. அவங்க கால் தரையில பட்டு மூணு வருஷம் ஆச்சு."

தலைக்கு மேலே பலகைத் தளத்தில் சக்கரங்கள் ஓடின. ஜன்னல் பக்கம் போய் நின்றன.

அழகப்பன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த பேனாவை எடுத்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். கபீரின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது.

"முதலாளி... சிரிச்சது... நம்ம பாப்பாவா? பாப்பா ஊருக்குப் போகலையா?"

அழகப்பன் பேனாவைக் கீழே வைத்தார். வேறொன்றைக் கேட்டார். "சத்தமாவா சிரிச்சுது?"

"மழையையும் மீறிக் கேட்டுச்சு முதலாளி."

ஒலிபெருக்கிப் பாட்டு சாலையைத் தாண்டி மெலிதாக வந்தது.

"நீங்க போங்க சேதுபதி" என்றார் அழகப்பன்.

"கிடங்கு...?"

"போங்கன்னேன்."

*

ஐந்து மணி அடித்தது. முடிந்தது என்று மைக்கில் சொல்ல வேண்டியவர் அழகப்பன். அவர் வரவில்லை. அவர் சொல்லாமல் இறங்கினால் நாளை யாராவது ஒரு வார்த்தை பேசுவார்கள் என்று லாசரஸ் இறங்கவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தான். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. முத்துசாமி சிரிப்பதை மறந்து, கையைப் பிசைந்துகொண்டு கூடவே ஓடினார். "இன்னும் கொஞ்சம்டா தம்பி, இன்னும் கொஞ்சம்." கூட்டம் முணுமுணுத்தது.

"கெடுத்துட்டோமா அண்ணே?" என்றான் கஃபார்.

"தெரியல."

"நாவல்ல எல்லாம் துப்பறியறவர் கடைசியில எல்லாத்தையும் விளக்கிச் சொல்லுவார், எல்லாரும் வாயைப் பிளப்பாங்கன்னு சொன்னீங்களே."

"அவங்களுக்கு முட்டி வலி இல்ல."

சாலையைக் கடந்து கபீர் ஓடி வருவது தெரிந்தது. ஒல்லி மனிதர் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கையில் ஒரு பெரிய இரும்புச் சாவி. நேராக மைக்கிடம் போனார். சாவியை உயர்த்திக் காட்டினார், அவ்வளவுதான். திடல் அதிர்ந்தது.

"முதலாளி வரலையா?" என்று கேட்டார் சேதுபதி.

"அவங்க மேல ஜன்னல்ல இருக்காங்க. பலகையைப் பேர்க்கணும்னு சுத்தியல் கேட்டாங்க. ஆணி எல்லாம் துரு. எழுந்து வர மாட்டேங்குது. நான் செய்றேன்னேன், விடல. நீ சாவியைக் கொண்டுபோன்னுட்டாங்க."

மேலே டக், டக் என்ற ஓசை. ஒரு பலகை பிய்ந்து, ஒற்றை ஆணியில் ஊசலாடியது.

"இறங்குடா லாசரஸ், முடிஞ்சுது!" என்று முத்துசாமி அவனைப் பிடித்துக்கொள்ளக் கையை விரித்தார்.

லாசரஸ் ஜன்னலைப் பார்த்தான். தலையை ஆட்டினான். "ஒரே ஒரு சுத்து அண்ணே" என்று சொல்லிவிட்டு, மரத்துக்கும் உண்டியலுக்கும் நடுவே புகுந்து ஒடித்துத் திரும்பினான். இப்போது பிள்ளையார் அவன் வலது கைப்பக்கம் இருந்தார். கூட்டத்தில் இருந்த கிழவிகள் காரணம் தெரியாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சேதுபதி புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தார். இன்று இனி எழுந்திருப்பதாக இல்லை. பக்கத்தில் கஃபாரும் உட்கார்ந்து, ஒரு முறையாவது சும்மா இருந்தான்.

மூன்றாம் மாடியில் கடைசிப் பலகையும் விழுந்தது. வேர்த்து நனைந்த சட்டையோடு ஒரு கிழவர், ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் பேத்தியுமாக, ஜன்னலில் வந்து நின்றார். சைக்கிள் கீழே திரும்புவதைப் பார்த்ததும் அவள் சிரித்தாள்.

மழை இல்லை. அதனால் அது திடல் முழுக்கக் கேட்டது.